முட்டிச் சில்லு அறுவைக்குப் பிறகு பிஆர்பி ஊசி: எதற்கு, எப்போது, எவ்வளவு

முட்டிச் சில்லு உடைந்து கம்பி கட்டிக்கொண்டவர்கள் காதில், தையல் பிரித்த கையோடு இந்த யோசனை விழுந்துவிடும்: "உங்க ரத்தத்தையே எடுத்துச் சுத்தி முட்டியில போட்டா எலும்பு சீக்கிரம் கூடிடுமாம்." பிஆர்பி என்பது இதுதான்: ரத்தத்தை இயந்திரத்தில் சுற்றி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதியை) மட்டும் பிரித்துப் போடும் ஊசி. ரத்தத்தை எடுத்துச் சுற்றுவது உண்மை, முட்டியில் போடுவதும் உண்மை. எலும்பு சீக்கிரம் கூடிவிடும் என்பதற்குத்தான் ஆதாரம் மெலிதாக இருக்கிறது. ஒழுங்காகப் பொருத்தி, இறுக்கிக் கட்டிய சில்லு தானே கூடும். பொருத்தம் தவறிய சில்லை எந்த ஊசியும் கூட்டாது. பிஆர்பிக்கு இந்தக் கதையில் இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இடம் சின்னது, அதுவும் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதலில் சில்லு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். முன்தொடைத் தசையின் நாண் சில்லின் மேல்முனையில் வந்து சேர்கிறது. கீழ்முனையிலிருந்து சில்லு நாண் இறங்கிக் கணைக்கால் எலும்பின் மேல்புறத்து மேட்டில் பற்றிக்கொள்கிறது. காலை நீட்டும் விசை முழுவதும் இந்தப் பாதையில்தான் போகிறது. சில்லு குறுக்கே உடைந்தால் மேல்துண்டைத் தொடைத்தசை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும், கீழ்த்துண்டு இருந்த இடத்திலேயே நிற்கும். அதனால்தான் "காலை நேராகத் தூக்குங்கள்" என்பது முதல் பரிசோதனை. தூக்க முடியாவிட்டாலோ, எக்ஸ்ரேயில் துண்டுகளுக்கு இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, உள்பக்க மூட்டுப் பரப்பில் 2 மில்லிமீட்டருக்கு மேல் படி போல ஏற்றத்தாழ்வு விழுந்திருந்தாலோ பொதுவாக அறுவைதான்.

வழக்கமான கட்டு இப்படி இருக்கும்: 1.6 முதல் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கம்பிகள் நெட்டுக்குக் குத்தப்படும். 18 கேஜ் எஃகுக் கம்பி சில்லின் முன்பக்கத்தில் எட்டு வடிவில் சுற்றி முறுக்கப்படும். கம்பிக்குப் பதில் நடுவே துளையுள்ள 4 மில்லிமீட்டர் திருகுகளைப் போடுவதும் உண்டு. பல துண்டாக நொறுங்கியிருந்தால் தகடு வைப்பார்கள். எட்டு வடிவக் கட்டின் சூட்சுமம் இது: முட்டியை மடக்கும்போது முன்பக்கம் விரியப் பார்க்கும் விசையைக் கம்பி பிடித்து நிறுத்துவதால், பின்பக்கத்தில் துண்டுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. ஆக, அளவோடு மடக்குவதே கூடுவதற்கு உதவி. சில்லைச் சுற்றியுள்ள பக்கத்துச் சவ்வுகள் கிழிந்திருந்தால் அவற்றையும் தைத்தாக வேண்டும். இதை அலட்சியமாக விட்டால், எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகத் தெரிந்தாலும் காலை முழுதாக நீட்டும் பலம் திரும்பாது.

எலும்பு பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் கூடிவிடும். அதற்குப் பிறகும் நிற்கிற வலிதான் ஆளை பிஆர்பி பக்கம் தள்ளுகிறது. அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் ஊசி போடுவது காசுக்குக் கேடு. முட்டியின் முன்பக்கம் தோல் மெல்லியது. கம்பியின் முனையோ முறுக்கின் முடிச்சோ தோலுக்கு அடியில் உறுத்தும். ஒரு விரலால் அழுத்தினால் "இங்கேதான்" என்று நோயாளியே காட்டிவிடுவார். இதற்கு மருந்து கம்பியை எடுப்பது, அதுவும் எலும்பு கூடிய பிறகு. வெளியே எடுக்க வேண்டிய உலோகத்துக்குப் பிளாஸ்மா ஊற்றிப் பயனில்லை. இரண்டாவது, சில்லு நாணுக்குப் பின்னாலிருக்கும் கொழுப்புத் திண்டு தழும்பேறி இறுகிப்போவது. மூன்றாவது, மூட்டுக்குள் ஒட்டுகள் விழுந்து மடக்கு நின்றுபோவது. நான்காவது, தொடைத்தசை வற்றிப் போனதால் சில்லு தன் பாதையில் சீராக ஓடாமல் உரசுவது. ஐந்தாவது, உடையும்போதே நசுங்கிய குருத்தெலும்பு. படி இறங்கும்போதும், நெடுநேரம் மடக்கி உட்கார்ந்து எழும்போதும் சில்லுக்குப் பின்னால் வருகிற ஆழமான வலி பெரும்பாலும் இந்தக் கடைசிக் கணக்கில் வரும். கூடவே, சில்லு நாணின் மேல்முனையில் நாள்பட்டு நிற்கும் வலியும் உண்டு.

பிஆர்பிக்கு நியாயமாக ஏதாவது வேலை இருந்தால், அது கடைசியாகச் சொன்ன இந்த இரண்டில்தான்: குருத்தெலும்பு சார்ந்த மூட்டு எரிச்சல், நாண் வலி. உறுத்தும் கம்பியும் இறுகிய ஒட்டும் வற்றிய தசையும் அதன் எல்லைக்கு வெளியே.

இனி அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 1,50,000 முதல் 4,50,000 தட்டணுக்கள் இருக்கும். அவற்றின் ஆல்ஃபா துகள்களில் பிடிஜிஎஃப், டிஜிஎஃப் பீட்டா, விஇஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் பொதிந்திருக்கின்றன. தட்டணு தூண்டப்பட்டதும் இவற்றில் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே கொட்டிவிடும். "ஊசி மாதக்கணக்கில் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். ஊசி முதல் தள்ளு தள்ளிவிடுகிறது, அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் நம் திசுக்களின் வேலை.

செறிவு எவ்வளவு என்பதில்தான் அதிகக் குழப்பம். ரத்தத்தில் இருப்பதைப் போல 3 முதல் 5 மடங்கு, அல்லது மைக்ரோலிட்டருக்கு ஏறக்குறைய 10 லட்சம் என்பது பரவலாகப் பேசப்படும் இலக்கு. ஆனால் செறிவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மொத்த எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு மைக்ரோலிட்டருக்கு 2 லட்சம் தட்டணுக்கள். 30 மில்லி ரத்தம் எடுத்தால் மொத்தம் 600 கோடி. சுற்றிப் பிரிப்பதில் 60 சதவீதம் கைக்கு வந்தால் 360 கோடி. அதை 4 மில்லியில் கரைத்தால் மைக்ரோலிட்டருக்கு 9 லட்சம், அதாவது நாலரை மடங்கு. மோசமில்லை. அதே ஆளிடம் ஒற்றை 10 மில்லி குழாய் ரத்தம் எடுத்துச் சுற்றினால் மொத்தமே 120 கோடிதான் தேறும். முழங்கால் தேய்மானத்தில் நல்ல பலன் காட்டி 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 8 மில்லியில் 1000 கோடித் தட்டணுக்கள் செலுத்தினார்கள். அந்த எண்ணிக்கையை மேலே சொன்ன ஆளிடமிருந்து எடுக்க 83 மில்லி ரத்தம் வேண்டும். ஆகவே "எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள், எத்தனை மில்லி போடுவீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

தயாரிப்பில் நடக்கும் தவறுகள் வெளியே தெரியாது. தயாரான ஊசி பெரும்பாலும் மஞ்சளாகத்தான் இருக்கும். ரத்தம் எடுப்பதிலிருந்தே தொடங்குகிறது சிக்கல். முழங்கை மடிப்பில் உள்ள பெரிய சிரையில், 21 கேஜ் அல்லது அதைவிடப் பெரிய ஊசியால், ஒரே குத்தில், நிதானமாக இழுக்க வேண்டும். மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சினால் நுரைக்கும். நுரைத்தால் தட்டணுக்கள் குழாயிலேயே தூண்டப்பட்டுக் கட்டிக்கொள்ளும். உறைவைத் தடுக்க ஏசிடி-ஏ அல்லது சோடியம் சிட்ரேட், ஏறத்தாழ ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. ரத்த எண்ணிக்கை பார்க்கப் பயன்படும் ஊதா மூடி இடிடிஏ குழாய் இதற்கு ஆகாது, அது தட்டணுவின் வடிவத்தைக் கெடுக்கும். குழாயைக் குலுக்காமல் எட்டு, பத்து முறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

சுற்று இரண்டு. முதல் சுற்று மெதுவானது, 200 முதல் 300 ஜி வரை (ஜி என்பது சுழற்சி விசை புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்ற அளவு), 10 நிமிடம். சிவப்பணுக்கள் அடியில் தங்கும், நடுவில் வெள்ளணுக்கள் நிறைந்த மெல்லிய வெண்படலம், மேலே தட்டணுக்கள் மிதக்கும் பிளாஸ்மா. அந்த மேல்பகுதியை வேறு குழாய்க்கு மாற்றி, 1000 முதல் 1500 ஜி வரை இன்னொரு 10 நிமிடம். இப்போது தட்டணுக்கள் அடியில் ஒரு சிறு வில்லையாகப் படியும். மேலிருக்கும் பிளாஸ்மாவில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தில் அந்த வில்லையைக் குழாயை உருட்டி உருட்டிக் கரைக்க வேண்டும். ஊசியால் இழுத்து இழுத்து அடித்துக் கரைப்பது கெடுதல்.

இங்கே ஒரு நுணுக்கம். "1500 சுற்றில் 10 நிமிடம்" என்று எழுதி வைத்திருக்கும் குறிப்பு, இயந்திரத்தின் ஆரம் தெரியாமல் வெற்றுக் குறிப்புதான். ஜி என்பது 11.18 பெருக்கல் ஆரம் செ.மீ.யில், பெருக்கல் ஆயிரத்தால் வகுத்த சுற்றெண்ணின் வர்க்கம். ஆரம் 10 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 1500 சுற்று ஏறக்குறைய 252 ஜி. ஆரம் 15 செ.மீ. என்றால் அதே 1500 சுற்று 377 ஜி. இரண்டாவது இயந்திரத்தில் முதல் சுற்றிலேயே தட்டணுக்களில் ஒரு பகுதி சிவப்பணுக்களோடு அடியில் போய்விடும், மேலே எடுப்பது வெறும் பிளாஸ்மாவுக்குப் பக்கத்தில் நிற்கும். சுற்று முடியும்போது பிரேக் போட்டு நிறுத்தினால் பிரிந்த அடுக்குகள் மறுபடி கலங்கும். தானாக நிற்க விட வேண்டும்.

மூட்டுக்குள் போடுவதற்கு வெண்படலத்தைத் தொடாமல், அதற்குச் சில மில்லிமீட்டர் மேலேயே நிறுத்திப் பிளாஸ்மாவை எடுப்பதைத்தான் நான் சரி என்பேன். வெள்ளணு குறைந்த பிஆர்பி போட்டால் ஊசிக்குப் பிந்தைய வீக்கமும் வலியும் குறைவாக இருக்கும். நாணுக்குப் போடுவதென்றால் வெள்ளணு கலந்ததை விரும்புவோரும் உண்டு. சிவப்பணு மட்டும் எங்கேயும் வேண்டாம். அதிலிருந்து வரும் இரும்பு மூட்டுச் சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் பகை. ஊசிக் குழாயில் வைக்கோல் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு சாயல் தெரிந்தால் காரணம் கேளுங்கள். தயாரித்ததில் அரை மில்லியை எண்ணும் கருவியில் போட்டுத் தட்டணு எண்ணிக்கையைக் குறித்துவைக்கும் இடம் என்றால் நம்பிப் போகலாம். தயாரானதைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில் வைத்து, அன்றே, முடிந்தவரை உடனே போட்டுவிட வேண்டும். ஒருவருடைய ரத்தம் இன்னொருவருக்குப் போய்விடாமல் இருக்க, குழாயில் பெயர் ஒட்டுவது ரத்தம் எடுத்த இடத்திலேயே நடக்க வேண்டும்.

அறுவையின்போதே உடைப்பு இடத்தில் பிஆர்பி வைப்பது வேறு சங்கதி. சில்லின் பின்பக்கம் மூட்டுக்குள் இருக்கிறது. அங்கே திரவமாக ஊற்றினால் மூட்டு நீரோடும் கழுவும் உப்புநீரோடும் போய்விடும். அதனால் கால்சியம் குளோரைடு சேர்த்துக் கூழாக்கியோ, உறைவுத் தடுப்பே இல்லாமல் சுற்றிக் கிடைக்கும் ஃபைப்ரின் படலமாகவோதான் வைக்க முடியும். ரத்தத்தை மயக்க மருந்துக்கும் சிரைவழி நீருக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும், இல்லையேல் நீர்த்துப்போன ரத்தம்தான் கிடைக்கும்.

இதனால் எலும்பு வேகமாகக் கூடுமா? சில்லுக்கென்றே செய்த பெரிய ஒப்பீட்டு ஆய்வை வைத்துப் பேசும் நிலையில் யாரும் இல்லை. பக்கத்து எலும்புகளிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இடுப்பு எலும்பு முறிவில் 200 பேரை வைத்து 2013இல் வெளிவந்த ஆய்வில், திருகோடு பிஆர்பியும் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் கட்டு தோற்பதில் புள்ளியியல்படி நிற்கும் வேறுபாடு தெரியவில்லை. கூடாமல் நின்றுபோன நீண்ட எலும்புகளில் பிஆர்பியையும் எலும்பு வளர்க்கும் புரதமான பிஎம்பி-7ஐயும் ஒப்பிட்ட 2008 ஆய்வில் 120 பேரில் புரதம்தான் முந்தியது. இவற்றைப் பார்த்தபின், நன்றாகப் பொருந்திய ஒரு குறுக்கு உடைப்புக்கு அறுவை மேசையில் பிஆர்பி வைக்கச் சொல்லி நான் யாரையும் தூண்ட மாட்டேன்.

குருத்தெலும்பு விஷயத்திலும் ஒரே குரல் இல்லை. முழங்கால் தேய்மானம் உள்ள 288 பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள் போட்டு, உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட ரெஸ்டோர் ஆய்வு 2021இல் வந்தது. 12 மாதம் கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதில் செலுத்திய தட்டணு எண்ணிக்கை குறைவு என்ற விமர்சனம் உண்டு, அதிலும் பொருள் இருக்கிறது. இருந்தாலும், "குருத்தெலும்பு திரும்ப வளரும்" என்று யாராவது படம் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். வலியும் எரிச்சலும் சில மாதங்களுக்குத் தணிந்து, அந்த இடைவெளியில் தசையைக் கட்டிக்கொள்ள முடிந்தால், அதுவே இந்த ஊசியிடம் எதிர்பார்க்கக்கூடிய நல்ல பலன்.

எப்போது போடுவது? தையல் ஆறாத முதல் இரண்டு மூன்று வாரத்தில் மூட்டுக்குள் ஊசி நுழைப்பது தொற்றுக்குக் கதவைத் திறப்பது போல. எலும்பு கூடிய அடையாளம் எக்ஸ்ரேயில் தெரிந்து, மடக்கு 90 பாகையைத் தாண்டி, அப்படியும் படிக்கட்டு வலி விடாமல் நிற்கும்போது யோசிப்பதே முறை. பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்கு மேல். அதற்கு முன் தொற்று இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். காயத்தில் கசிவு, விடாத சூடு, ரத்தப் பரிசோதனையில் ஏறி நிற்கும் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்) என்று எதுவாவது இருந்தால் ஊசியைத் தள்ளிவையுங்கள். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இருப்பவர்கள், ரத்தப் புற்று உள்ளவர்கள், ரத்தசோகை கடுமையாக உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது.

மாத்திரை விஷயம் பலர் கோட்டைவிடும் இடம். ஆஸ்பிரின் ஒரு தட்டணுவை அதன் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள் வரை முடக்கிவிடும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றின் பிடி மாத்திரையை நிறுத்தினால் விட்டுப்போகும். அதனால் ஊசிக்கு ஒரு வாரம் முன்பும் இரண்டு வாரம் பின்பும் இந்த வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வார்கள், வலிக்குப் பாராசிட்டமால். ஆனால் அறுவைக்குப் பின் காலில் ரத்தம் உறையாமலிருக்கவோ, இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததாலோ ஆஸ்பிரின் எடுப்பவர், முட்டி ஊசிக்காக அதைத் தானே நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரையில் கை வைக்கவே வேண்டாம். ஊசியைத் தள்ளிப்போடுவதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ஊசி போடும் முறை: கால் நீட்டிய நிலையில், சில்லின் மேல்வெளி ஓரத்திலிருந்து, பழைய தழும்பையும் உலோகத்தையும் விலக்கி, அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே. உள்ளே நீர் தேங்கியிருந்தால் முதலில் அதை உறிஞ்ச வேண்டும். 20 மில்லி நீருக்குள் 5 மில்லி பிஆர்பியை விட்டால் செறிவு ஐந்தில் ஒன்றாகிவிடும், சுற்றிய உழைப்பெல்லாம் வீண். தேங்கும் நீருக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: 20, 30 மில்லி சேர்ந்தாலே தொடையின் உள்பக்கத் தசை சுணங்கிவிடும். மரத்துப்போகும் மருந்தைத் தோலுக்கு மட்டும் கொடுக்கலாம். மூட்டுக்குள் பிஆர்பியோடு கலக்க வேண்டாம். பியூபிவக்கேன் குருத்தெலும்பு அணுக்களைக் கொல்லும், தட்டணுவின் வேலையையும் மட்டுப்படுத்தும். அறுவைக்குப் பின் உள்ளே ஒட்டு விழுந்திருந்தால் மருந்து போகும்போது கனமான எதிர்ப்பு தெரியும். அப்போது அழுத்தித் தள்ளாமல் முனையை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

போட்ட பிறகு ஒன்று முதல் மூன்று நாள் வரை முட்டி கனத்து வலிப்பது இயல்பு. முதல் இரண்டு நாள் நடையைக் குறைத்து, மடக்கி நீட்டும் லேசான அசைவை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நான்காம் நாளில் வலி இறங்குவதற்குப் பதில் ஏறினாலோ, காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்தாலோ அன்றே காட்ட வேண்டும். மூட்டுத் தொற்று ஒரு இரவைக்கூடப் பொறுக்காது. கெண்டைக்கால் இறுகி வலித்தால் அது ரத்த உறைவாக இருக்கலாம்.

இத்தனையும் செய்து பிசியோதெரபியை விட்டால் பலன் பூஜ்யம். அறுவைக்குப் பின் பட்டை கட்டி, காலை நீட்டிய நிலையில் ஊன்றி நடக்கலாம். மடக்கு முதல் இரண்டு வாரத்தில் 30 பாகை, நான்காம் வாரத்தில் 60, ஆறாம் வாரத்தில் 90 என்பது பலரும் வைக்கும் படிக்கட்டு. கட்டின் உறுதியைப் பொறுத்து அறுவை மருத்துவர் அதைக் கூட்டுவார், குறைப்பார். எடை கட்டிக் காலை நீட்டும் பயிற்சி எலும்பு கூடும்வரை கூடாது, அது கம்பியை நேரடியாக இழுக்கும். நிலைச் சைக்கிளில் முழுச் சுற்று சுற்ற 105 பாகைக்கு மேல் மடக்கு வேண்டும். அது வராமல் இருக்கையை இறக்கி முட்டியை நெருக்கினால் வீக்கம்தான் மிஞ்சும். காலை நேராகத் தூக்கும்போது முட்டி முழுதாக நீளாமல் லேசாக மடங்கியே நின்றால், தொடைத்தசை இன்னும் தயாராகவில்லை என்று பொருள். அந்த நிலையில் பிஆர்பிக்குச் செலவழிப்பதைவிட, மின்தூண்டல் வைத்து அந்தத் தசையை எழுப்புவதற்குச் செலவழிக்கலாம்.

ஊசியின் பலனைக் கணக்கிட ஒரு எளிய வழி: போடுவதற்கு முந்தைய நாள் எட்டுப் படி இறங்கி, வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிவையுங்கள். ஆறாம் வாரத்திலும் பன்னிரண்டாம் வாரத்திலும் அதே படியில் அதே கணக்கு. பன்னிரண்டாம் வாரத்திலும் இரண்டு மதிப்பெண்கூட இறங்காவிட்டால், "இன்னும் ஒரு கோர்ஸ் போடலாம்" என்பதற்குத் தலையாட்ட வேண்டாம். சிடி ஸ்கேன் எடுத்து எலும்பு உண்மையிலேயே கூடியிருக்கிறதா, பின்பரப்பில் படி நிற்கிறதா, கம்பி முனை எங்காவது நீண்டிருக்கிறதா என்று பாருங்கள்.